வாயுள்ள பிள்ளை பிழைக்குமா?

மாயாபந்தரில் ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது பதினேழு. வீட்டில் டிரம் கிடையாது. வாங்கித் தரவும் ஆளில்லை. யாரோ ஒருவர் உதட்டாலும் நாக்காலும் தாளம் போடுவதை செல்போனில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டான். ஜெட்டியில் படகுக்குக் காத்திருக்கும்போதும் 'ப்... த்ஸ்... க்...' என்று ஏதோ செய்துகொண்டிருக்கிறான். கேட்டால் பீட்பாக்ஸிங் என்கிறான். அப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "இதுக்கெல்லாம் எவன்டா சம்பளம் தருவான்?"

மாயாபந்தர் ஒரு மாவட்டத்தின் தலைநகரம் என்றாலும் சிறிய ஊர். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) சாலை வழியே சுமார் 240 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் இரண்டரை நாள். தமிழ், வங்காளம், தெலுங்கு, 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்களின் மொழி எல்லாம் புழங்கும் ஊர். பொதுவில் பேச இந்தி. அங்கே மொழிபெயர்ப்பே தேவைப்படாத வித்தை இந்தப் பையனுடையதுதான். ஆனால் அப்பா கேட்டது சம்பளத்தைப் பற்றி.

பீட்பாக்ஸ் என்பது முதலில் ஓர் இயந்திரத்தின் பெயர். ராப் பாட்டுக்குத் தாளம் தந்த மின்னணுப் பெட்டி. 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் இளைஞர்கள் வாயையே பெட்டியாக்கினார்கள். டக் இ. ஃப்ரெஷ், ஃபேட் பாய்ஸ் குழுவின் பஃபி போன்றவர்கள் அதை மேடையேற்றினார்கள். மூடிய உதட்டை வெடித்துத் திறந்தால் பெரிய டிரம். பல்லிடுக்கில் காற்றைச் சீறவிட்டால் சிம்பல். அண்ணத்தில் ஒட்டிய நாக்கைச் சட்டென்று பிரித்தால் ஸ்னேர். மூச்சை விடும்போது மட்டுமின்றி இழுக்கும்போதும் ஒலியெழுப்பத் தெரியவேண்டும். தெரியாதவருக்கு அரை நிமிடத்தில் மூச்சு முட்டும்.

நமக்கு இது புதிதா என்ன? பரதநாட்டிய வகுப்பில் 'தையா தை' சொல்லித்தான் முதல் அடவு. மிருதங்கம் கற்பவரும் சொற்களை வாயால் சொல்லித்தான் கைக்குக் கொண்டுவருகிறார். அந்தச் சொற்கட்டுகளையே கச்சேரிக் கலையாக்கியது கொன்னக்கோல். ஒரு வித்தியாசம் உண்டு. பீட்பாக்ஸர் வாத்தியத்தின் ஒலியைப் பிரதியெடுக்கிறார். கொன்னக்கோல்காரர் கணக்கைப் பேசுகிறார்: தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து.

காஞ்சிபுரம் நயினா பிள்ளையின் (1889–1934) 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிகளில் மிருதங்கம், கஞ்சிரா, கடத்தோடு கொன்னக்கோலுக்கும் இடமிருந்தது. மன்னார்குடி பக்கிரியா பிள்ளை அதில் பேர் போனவர். பிறகு கச்சேரி நேரம் குறுகியது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதுமே கேன்டீன் பக்கம் நகரும் ரசிகர்கள், வாயால் வாசிப்பவருக்காகவா உட்காரப் போகிறார்கள்? கொன்னக்கோல் பெரும்பாலும் பாடம் நடக்கும் அறையோடு ஒடுங்கியது.

அதை வெளியே அழைத்துப் போனவர்களில் ஜான் மெக்லாஃப்லின் முக்கியமானவர். ஜாகிர் உசேனும் விக்கு விநாயக்ராமும் இருந்த அவருடைய சக்தி குழு 1976-இல் பதிவு செய்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' தொகுப்பு, வாயால் சொல்லும் தாளத்தோடுதான் தொடங்குகிறது. நம் சபாக்கள் ஓரம் கட்டியதை ஜாஸ் ரசிகர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அந்த வழியில் வெகுதூரம் போனவர் பெங்களூரு மிருதங்கக் கலைஞர் பி.சி. மஞ்சுநாத். முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வளரும் ஃபிபனாச்சி எண்களை (1, 1, 2, 3, 5, 8...) கொன்னக்கோலில் அவர் சொல்லும் வீடியோ இணையத்தில் பிரபலம். 2018-இல் ஏதென்ஸில் அரங்கேறிய 'ஜீனோஸ்' என்ற நடன நாடகத்தில், முதல் உலகப் போரில் சிக்கிய இந்தியச் சிப்பாயாக அக்ரம் கான் ஆடினார். முன்னாள் நடனக்காரனான அந்தச் சிப்பாயின் கதைக்குத் தாளம் சொன்னவர்களில் ஒருவர் மஞ்சுநாத். ஆடியவர் கதக் பயின்றவர். சொன்னவர் கர்நாடக இசைக்காரர். ஆடுபவரே 'போல்' சொல்லிக் காட்டும் வழக்கம் கதக்கிலும் இருப்பதால் வாயும் காலும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன.

பீட்பாக்ஸுக்கும் கூட்டம் சேர்ந்திருக்கிறது. 2011-இல் அதே பெங்களூரில், கிறிஸ்து பல்கலைக்கழகத்தில், வினீத் வின்சென்ட் 1,246 பேரை ஒன்றாக பீட்பாக்ஸ் செய்யவைத்து கின்னஸில் இடம்பிடித்தார். பின்னர் வேறு நாட்டவர்கள் அதை முறியடித்தார்கள்.

ஆனால் சாதனைப் பட்டியல் மாதச் சம்பளம் தராது. கல்லூரி விழா, பயிலரங்கு, நிறுவனங்களின் கொண்டாட்டங்கள்: வருமானம் இப்படித் துண்டு துண்டாகத்தான் வரும். ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டுபவரை மூன்றாவது நிமிடத்தில் மிமிக்ரி என்று சொல்லிக் கைதட்டி அனுப்பிவிடுவார்கள். ஆட்டக்காரரோடும் கடக்காரரோடும் கிதார்க்காரரோடும் சேர்ந்து நிற்கத் தெரிந்தவரைத்தான் மறுபடியும் கூப்பிடுவார்கள். அதற்குக் கணக்கு வேண்டும். நம்மிடம் இருக்கும் கணக்கு கொன்னக்கோல்.

மாயாபந்தர் பையன் அதை எங்கே கற்பான்? 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் வந்தது. அதன் ஒரு கிளை மாயாபந்தருக்குத் தெற்கே ரங்கத்தைத் தொடுகிறது. சென்னை ஆசிரியர் திரையில் பாடம் சொல்லலாம். ஆனால் இருவரும் சேர்ந்து தாளம் போட முடியாது. ஒலி ஒரு கணம் பிந்தி வந்து சேரும். தாளத்தில் அந்த ஒரு கணம்தான் எல்லாமே.

ஆகவே அந்த அப்பாவிடம் என் யோசனை இது. பையனைத் தடுக்காதீர்கள். வாரம் ஒரு பாடத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். பிறகு உள்ளூரில் ஆடும் யாரையாவது தேடி, அவர்கள் காலுக்குச் சொல்லிப் பழக அனுப்புங்கள். கேபிளில் பாடம் வரும், கால் வராது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பெரியவர்கள் சொன்னது பேச்சுத் திறமையை. இவன் விஷயத்தில் கூடுதலாக ஒன்று வேண்டும். எதிரே ஆடும் கால் எப்போது நிற்கும் என்று தெரிந்து, அந்த இடத்தில் வாயை மூடவும் கற்றுக்கொள்ள வேண்டும்.