டார்ட் செர்ரி குடித்தால் தூக்கம் வருமா? நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் கவனிக்க!

ராத்திரி ஒரு டம்ளர் குடித்தால் போதும், படுத்த உடனே தூக்கம் என்கிற ரீதியில் ரீல்ஸ்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது டார்ட் செர்ரி ஜூஸ். 2024 தொடக்கத்தில் அமெரிக்க டிக்டாக்கில் 'ஸ்லீப்பி கேர்ள் மாக்டெயில்' என்ற பெயரில் இது வைரலானது. செர்ரி ஜூஸ், மெக்னீசியம் பவுடர், கொஞ்சம் சோடா, அவ்வளவுதான். டிக்டாக்குக்கு இங்கே 2020-லேயே தடை என்றாலும் இன்ஸ்டா வழியாக நம்ம ஊருக்கும் வந்துவிட்டது. கேப்ஸ்யூல், கம்மீஸ் என்று ஆன்லைனிலும் கிடைக்கிறது.

பேக்கரி கேக் மேலே சிவப்பாக உட்கார்ந்திருக்குமே, அந்த செர்ரி இல்லை இது. அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறி, சாயம் ஏறிய நம்ம களாக்காய்தான்! காஷ்மீரிலிருந்து சீசனில் வருவதோ இனிப்பு ரகம். டார்ட் செர்ரி புளிப்பு ரகம். அதில் பிரபலமான மான்ட்மோரென்சி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அதிகம் விளைகிறது.

ஆய்வுகள் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் குட்டி குட்டி ஆய்வுகள். 2012-ல் வெளியான பிரிட்டனின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழக ஆய்வில் 20 பேர் ஒரு வாரம் ஜூஸ் குடித்தார்கள். தூக்கம் சுமார் அரை மணி நேரம் கூடியது. 2018-ல் லூசியானா ஆய்வு, 84 நிமிடம் கூடுதல் தூக்கம் என்றது. பல விளம்பரங்களில் வரும் எண் இதுதான். அந்த ஆய்வை முடித்தவர்கள் 8 பேர், எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். 25 வயதில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது.

'இதில் இயற்கையாகவே மெலடோனின் இருக்கு' என்பது அடுத்த வாதம். உண்மைதான். இருட்டியதும் மூளை சுரந்து, 'ராத்திரி ஆச்சு' என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன் அது. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு கிராம் மான்ட்மோரென்சி பழத்தில் சுமார் 13 நானோகிராம். மெலடோனின் மாத்திரை ஒன்றில் சாதாரணமாக இருப்பது 3 மில்லிகிராம். அந்த அளவைப் பழத்திலிருந்து எடுக்க 200 கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்! பழத்தில் உள்ள வேறு சத்துகள் உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது இன்னும் உறுதியாகவில்லை.

ஷிஃப்ட்காரர்களின் பிரச்சினை வேறு

உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்திலிருந்து ஒரகடம் தொழிற்சாலை ஒன்றுக்கு நைட் ஷிஃப்ட் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது முகத்தில் சுள்ளென்று வெயில். 'விடிஞ்சாச்சு, முழிச்சுக்கோ' என்கிறது மூளை. வீட்டுக்கு வந்து படுத்தால் மிக்ஸி சத்தம், டிவி, வாசலில் காய்கறி வண்டி. அடுத்த வாரம் ஷிஃப்டே மாறிவிடும். இந்த உடல் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இரவுப் பணியை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2007-லேயே சேர்த்துவிட்டது. இதை ஒரு பாட்டில் ஜூஸ் சரிசெய்துவிடும் என்பது ரொம்பவே ஓவர்.

செலவில்லாத வழிகள் சில இருக்கின்றன. ஷிஃப்டுக்கு முன் ஒரு குட்டித் தூக்கம், பின்பாதியில் டீ, காபிக்கு நோ, திரும்பும்போது கூலிங் கிளாஸ், படுக்கும் அறை ஜன்னலுக்குத் தடிமனான திரை. ஷிஃப்டை காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றினால் உடம்பு சமாளிக்கும். தலைகீழாக மாற்றினால்தான் திணறும். ஆனால் இது தொழிலாளி கையில் இல்லை, ரோஸ்டர் போடுபவர் கையில்தான் இருக்கிறது.

வாங்கியே தீருவேன் என்றால்?

லேபிளைப் பாருங்கள். இந்தியாவில் சப்ளிமென்ட் பாக்கெட்டில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் கட்டாயம். சர்க்கரை சேர்க்காத ஜூஸ் என்றாலும் பழத்தின் சர்க்கரை அதில் இருக்கும். ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். லூசியானா ஆய்வில் கொடுத்த அளவு தினமும் 480 மில்லி. சுகர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, மாதக்கணக்கில் தூக்கமின்மை என்றால் ஜூஸ் ஆர்டர் போடாமல் நேராக மருத்துவரிடம் போய்விடுங்கள்.