வெந்தயத்தில் சிக்காத கிருமி

2011 மே மாதம் வட ஜெர்மனியின் மருத்துவமனைகள் இரத்தக் கழிச்சல் நோயாளிகளால் நிரம்பின. முதலில் பழி விழுந்தது ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது. விலைபோகாத காய்களை அங்கே விவசாயிகள் கொட்டி அழித்தார்கள். 50 பேருக்கு மேல் உயிரிழந்த அந்த நோய்ப்பரவலுக்கு முளைகட்டிய வெந்தயமே காரணம் என்று தெரிய ஜூன் ஆகிவிட்டது. அதையும் காட்டிக்கொடுத்தது யார் எந்த உணவகத்தில் என்ன சாப்பிட்டார் என்ற விசாரணைதான். சந்தேகத்துக்குரிய விதைகளில் நோய்க்குக் காரணமான ஈ.கோலை கிருமி ஆய்வகத்தில் சிக்கவே இல்லை. நானோ துகள்களைக் கொண்டு கிருமிகளைக் கண்டறியும் உயிர் உணரிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வெந்தயம் நினைவுக்கு வருகிறது. உணரி அருமையான கருவி. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்கள்தான். அவற்றில் சால்மொனெல்லா கிருமியைப் பற்றும் எதிர்ப்பொருளை ஒட்டினால் கோடு நிமிடங்களில் தெரியும். ஆனால் பல உணவுகளில் 25 கிராமுக்குள் அந்தக் கிருமி தென்படவே கூடாது என்பது விதி. பட்டை உறிஞ்சுவதோ சில சொட்டு. கொழுப்பும் மாவும் கலந்த உணவுக் கூழிலிருந்து ஒன்றிரண்டு கிருமிகளை அந்தச் சொட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? எதிர்ப்பொருள் பூசிய காந்தத் துகள்களைக் கூழில் கலக்கி, குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், அத்துகள்கள் கிருமியோடு சேர்ந்து பழுப்புத் திட்டாகச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ஆராய்ச்சிப் பணம் முதலில் இந்தக் குழாய்க்குப் போக வேண்டும். தூய நீரில் கிருமியைக் கலந்து பெற்ற எண்களைக் கொண்டாடியது போதும். பாலிலும் அரைத்த இறைச்சியிலும் முளைப்பயறிலும் சோதித்துக் காட்டட்டும்.