ஒரு நாளேனும் நகரத்தில் படித்தால்

சென்ற திங்கள் உறவினர் இல்லத்துப் புதுநன்மை விழாவிற்காக மார்டள்ளி சென்றிருந்தோம். மைசூரில் விடியற்காலைப் பேருந்தேறி, கொள்ளேகாலமும் ஹனூரும் கடந்து ஊர் சேர்ந்தபோது பூசை முடிந்து பந்தி தொடங்கியிருந்தது. எமக்கு எதிரே எம் தங்கையின் மகன் அமர்ந்திருந்தான். எம்மைக் கண்டால் "மாமா, இந்த எண்ணுள்ள வண்டி எங்கே போகிறது?" என்று ஓயாது கேட்கும் பிள்ளை அன்று இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. அதன் காரணம் எமக்குத் தெரியும். அக்காரணத்தில் எமக்குப் பங்கும் உண்டு. அதனை மறைக்காமல் எழுதிவிடுவது நம் வாசக இல்லங்களுக்குப் பயன்படும் என்று கருதியே இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

ஜவஹர் நவோதயா வித்யாலயம் என்னும் பள்ளியைப் பற்றி நம் குடும்பங்களிற் பேச்சு எழாத ஆண்டில்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பிறந்தவை இப்பள்ளிகள். ஹரியானாவின் ஜஜ்ஜரிலும் மகாராட்டிரத்தின் அமராவதியிலும் முதலில் தொடங்கி, இன்று நாடெங்கும் 650க்கு மேற்பட்டவையாகப் பெருகியுள்ளன. பொதுவாக மாவட்டத்திற்கு ஒன்று. சாமராஜநகர் மாவட்டத்தின் பள்ளி ஹொண்டரபாளுவில் இருக்கிறது. ஆறாம் வகுப்பிற் சேரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புவரை அங்கேயே தங்கிப் படிக்கலாம். உணவு, உறைவிடம், உடை, நூல் அனைத்தும் அரசின் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்பு முதல் மாதம் 600 ரூபாய் உண்டு. அதுவும் பெண் பிள்ளைகளுக்கும், பட்டியல் இனத்தார், பழங்குடியினர் பிள்ளைகளுக்கும், வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள இல்லத்துப் பிள்ளைகளுக்கும் இல்லை. (எம்மைப் போன்ற அரசு ஊழியர் பிள்ளைகளாயின் மாதம் 1500 ரூபாய் வரை; அதில் நமக்குக் குறையொன்றுமில்லை.) கூலிக்குச் செல்லும் ஒரு குடும்பத்திற்கு இஃது ஏழாண்டுகளுக்கான நிம்மதி என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இடங்கள் ஆண்டுக்கு 80. தேர்வு ஐந்தாம் வகுப்பிற் படிக்கும்போதே எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 80 வினாக்கள், 100 மதிப்பெண். உருவங்களைப் பார்த்து விடை தேரும் அறிவுத்திறன் வினா 40, கணக்கு 20, மொழி 20. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே பெற்றோர் செய்வது யாது? மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளையைச் சிறப்பு வகுப்பிற் சேர்க்கின்றனர். அங்கே ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்கையும் முன்கூட்டியே கற்பிப்பதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குகின்றனர். தேர்வு ஐந்தாம் வகுப்பு அளவினது. அதற்கு அப்பாற்பட்ட பாடம் பிள்ளையின் உறக்கத்தைக் குறைக்குமேயன்றி மதிப்பெண்ணைக் கூட்டாது. உருவ வினாக்களில் மட்டும் பழக்கம் பெரிதும் உதவும். அப்பழக்கத்தை ஒரு பழைய வினாத்தாளும் ஒரு பென்சிலும் வைத்துத் திண்ணையிலேயே பெறலாம்.

நிற்க. பயிற்சி வேறு, தகுதி வேறு. எவ்வளவு உயர்ந்த வகுப்பிற் பயின்றிருந்தாலும் அது தகுதியைத் தருவதில்லை. தகுதி என்பது விண்ணப்பக் குறிப்பேட்டில் அச்சிட்டிருக்கும் சில வரிகள். அவ்வரிகளைப் படிக்காமற் போனவர் நாமே.

நடந்தது இது. எம் தங்கை மகன் மூன்றாம் வகுப்பினை மார்டள்ளியில் முடித்தான். நன்றாகப் படிக்கும் பிள்ளை. "ஊர்ப்பள்ளியில் இருந்தால் நவோதயாவுக்குப் போதாது, நகரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளியிற் சேருங்கள், மாலையில் சிறப்பு வகுப்பும் கிடைக்கும்" என்று மைத்துனரிடம் கூறியவர் நாம். படித்தவர், இரயில்வேயிற் குமாஸ்தா, மைசூரில் இருப்பவர் என்ற மதிப்பினால் அவர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, நான்காம் வகுப்பிற்குக் கொள்ளேகாலத்தில் ஒரு பள்ளியிற் சேர்த்தார். பிள்ளைக்கு வீட்டு ஏக்கம். நான்கு மாதம் கழித்துத் தசரா விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போகமாட்டேன் என்று அழுதான். மீண்டும் மார்டள்ளிப் பள்ளியிலேயே சேர்த்தார்கள். ஐந்தாம் வகுப்பில் நவோதயா விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் சென்றபோது அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, ஊரகப் பிள்ளை என்று எழுத இயலாது என்று கூறிவிட்டார்.

விதி இவ்வாறு இருக்கிறது. இடங்களில் நூற்றுக்கு 75 ஊரகப் பிள்ளைகளுக்கு உரியவை. அவ்வுரிமையை நாடும் பிள்ளை மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளையும் ஊரகத்திலுள்ள அரசுப் பள்ளியிலோ அரசு ஏற்புப் பெற்ற பள்ளியிலோ, ஒவ்வோர் ஆண்டும் முழுமையாகப் படித்திருக்க வேண்டும். அம்மூன்று வகுப்புகளில் ஒரு நாளேனும் நகரப் பகுதிப் பள்ளியிற் படித்திருந்தால் அப்பிள்ளை நகரப் பிள்ளையே. நகரம் என்பது பெங்களூரும் மைசூரும் மட்டுமன்று; அரசு அறிவிக்கையில் நகர்ப்பகுதி என்று குறித்தவை யாவும் அதில் அடங்கும். கொள்ளேகாலம் நகரசபை, ஹனூர் பட்டண பஞ்சாயத்து. இரண்டும் நகரமே.

கணக்கைப் பாருங்கள். 80 இடங்களில் 60 ஊரகத்திற்கு. எஞ்சிய 20 பொது. அவற்றிலும் மதிப்பெண் மிகுந்த ஊரகப் பிள்ளைகள் புகலாம். 80 கதவுகள் திறந்திருந்த பிள்ளைக்கு, நாம் கடன் வாங்கச் செய்து, 60 கதவுகளைச் சாத்திவிட்டோம். அவன் தேர்வெழுதினான், பட்டியலில் வரவில்லை. இரண்டாம் முறை எழுத விதியில்லை. ஐந்தாம் வகுப்பையே மறுபடியும் படிக்கவைத்து எழுதச் செய்யலாம் என்று சிலர் வழி கூறினர். ஐந்தாம் வகுப்பை முன்னரே படித்த பிள்ளைக்கு இடமில்லை என்பதும் அச்சிலேயே இருக்கிறது.

நாள்தோறும் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்து, "விதியைப் படித்துப் பார்க்கக் கூடாதா?" என்று பயணிகளைக் கடிந்துகொள்பவர் நாம்! பந்தி முடிந்து கைகழுவும்போது மைத்துனர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை: "மச்சான், நீங்கள் சொன்னபடிதானே செய்தோம்." அவ்வளவே. மறுமொழி கூற நமக்கு நாவெழவில்லை.

இனி, நம்மவர்க்கே உரிய இரண்டு சிக்கல்களை எழுதவேண்டும்.

ஒன்று எல்லை. மார்டள்ளி அடங்கிய கொள்ளேகால வட்டம் 1956 நவம்பர் 1ஆம் நாள்வரை சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவின்போது மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டம் பிரிந்தபோது சாமராஜநகர் மாவட்டமாயிற்று. ஆகவே மார்டள்ளித் தமிழரிற் பலர் இருந்த இடத்திலிருந்தே அயல் மாநிலத்தார் ஆனவர்கள். உறவெல்லாம் மேட்டூரிலும் அந்தியூரிலும். பிள்ளை தமிழ் படிக்கட்டும் என்று பாட்டி வீட்டிற்கு அனுப்பும் வழக்கமும் நம்மிடையே உண்டு. அவ்வாசையைக் குறைகூற நமக்கு மனமில்லை. நம் வீட்டிலும் அவ்வாசை உண்டு. ஆனால் நவோதயா விதிப்படி பிள்ளை எந்த மாவட்டத்தில் வாழ்கிறதோ, எந்த மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறதோ, அந்த மாவட்டப் பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி ஒன்றுமில்லை. இருமொழிக் கொள்கையை முன்னிட்டு அம்மாநிலம் இப்பள்ளிகளை ஏற்கவில்லை. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை திறக்குமாறு உத்தரவிட்டபோதும் உச்சநீதிமன்றத்தில் தடை பெற்றது. அக்கொள்கையின் நன்மை தீமைகளை ஆராய்வது இப்பகுதியின் வேலையன்று. பாலாற்றுப் பாலத்தைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு இவ்வழி அடைபடுகிறது என்பதைப் பெற்றோர் முன்னரே அறிந்து முடிவு செய்யட்டும். அவ்வாறே, ஐந்தாம் வகுப்பில் மைசூருக்கு அழைத்துக்கொண்டால் மைசூர் மாவட்டப் பள்ளிக்கு, அதுவும் நகரப் பிள்ளையாகத்தான், எழுத நேரும்.

மற்றொன்று பிழைப்பு. திருப்பூருக்கும் குடகுக்கும் கேரளத்திற்கும் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். இரண்டு மாதம், மூன்று மாதம். திரும்பிவந்து மீண்டும் ஊர்ப்பள்ளி. மற்ற வகுப்புகளில் இது பாடத்தை மட்டும் கெடுக்கும். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் தகுதியையே கெடுக்கும். முழு ஆண்டு என்று விதி கூறுவதால், இடையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறிடத்திற் சேர்ப்பது மிகவும் ஆபத்தானது. அம்மூன்றாண்டுகளிலேனும் பிள்ளையைப் பாட்டியிடமோ அத்தையிடமோ விட்டுச் செல்ல வழியிருந்தால் அவ்வாறு செய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம். எளிதன்று என்பதை அறிவோம்.

பிறந்த நாளையும் பாருங்கள். 2025-26ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு 2013 மே 1 முதல் 2015 ஜூலை 31 வரை பிறந்தவர்களே எழுத முடிந்தது. ஆண்டுதோறும் இந்நாள்கள் ஓராண்டு நகரும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு நாள், ஆதாரில் ஒரு நாள் என்றிருந்தால் நான்காம் வகுப்பிலேயே திருத்திக்கொள்க. எம்மொழியில் தேர்வெழுதுவது என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்கவேண்டும். பின்பு மாற்ற இயலாது. வீட்டில் தமிழும் பள்ளியிற் கன்னடமுமாக வளரும் பிள்ளை எம்மொழியில் விரைந்து படிக்கிறது என்பதைப் பிள்ளையையே படிக்கவைத்துப் பார்த்து முடிவு செய்வது நலம். தந்தையின் மொழிப்பற்று அன்று தேர்வெழுதப் போவதில்லை. விண்ணப்பத்திற்குக் கட்டணமில்லை. தலைமையாசிரியரின் கையொப்பமிட்ட சான்று வேண்டும். ஆதலால் கடைசி நாளுக்கு முதல்நாள் ஓடாதீர்கள்.

கிடைக்காத பிள்ளைக்கு வேறு வாசல்கள் இல்லாமலில்லை. ஆதர்ச வித்யாலயங்கள் கர்நாடகத்திற் கல்வியிற் பின்தங்கிய வட்டங்களில் 74 உள்ளன; மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. இரண்டிற்கும் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வு ஐந்தாம் வகுப்பிலேயே எழுதப்படுவது. வினாத்தாளில் கன்னடம் உண்டு. கன்னடத்தை அயலார் மொழியென்று ஒதுக்கிவைக்கும் இல்லங்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நவோதயாவிலேயே ஒன்பதாம் வகுப்பில் வெற்றிடம் இருந்தால் தேர்வு வைக்கிறார்கள்: கணக்கு 35, அறிவியல் 35, ஆங்கிலம் 15, இந்தி 15. மாவட்டத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை எழுதலாம். இடங்கள் மிகச் சில.

நாம் எம் தங்கை மகனுக்காகக் குறித்து வைத்திருப்பது வேறொன்று. தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வு என்பது அதன் பெயர். ஏழாம் வகுப்பில் நூற்றுக்கு 55 பெற்று, அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை எழுதலாம். குடும்ப வருவாய் ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்திற்கு மேற்படக்கூடாது. அறிவுத்திறன் 90 வினா, பாடம் 90 வினா. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். இதில் ஒரு வியப்பு யாதெனில், நவோதயாவிலோ அரசின் பிற உறைவிடப் பள்ளிகளிலோ படிப்பவர்க்கு இவ்வுதவி கிடையாது. ஊர்ப்பள்ளியில் நின்றுவிட்ட பிள்ளைக்கே உரியது. இம்முறை குறிப்பேட்டை முதல் வரியிலிருந்து இறுதி வரிவரை இரண்டு தடவை படித்துவிட்டோம்.

மாலையில் பேருந்து நிறுத்தம் வரை அவன் உடன் வந்தான். உருவ வினாக்கள் அந்தத் தேர்விலும் வருமா என்று கேட்டான். வரும் என்றோம். மைசூர் - சாமராஜநகர் வண்டியின் எண்ணை அப்போதுதான் கேட்டான்.

அவனுடைய தங்கை இப்போது இரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். வரும் ஜூனில் மூன்றாம் வகுப்பு; மார்டள்ளிப் பள்ளியிலேயே.