கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஊர் பேரைப் பாருங்க

1) டாக்டர் எதுக்கு சட்டம் பேசுறார்னு கேப்பீங்க. காரணம் இருக்கு மக்களே. எங்ககிட்ட பயிற்சி முடிச்சு தனியார் வேலைக்குப் போற நர்சிங் பிள்ளைங்க வேலை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டுவாங்க. சம்பளம் பார்ப்பாங்க, பாண்டு எத்தனை வருஷம்னு பார்ப்பாங்க. கடைசிப் பக்கத்தை யாரும் பார்க்கிறதில்லை.

2) அங்கதான் ஒரு வரி இருக்கும்: "தகராறு எழுந்தால் மும்பை நீதிமன்றங்களுக்கே அதிகாரம்." நாளைக்கு நீங்க வழக்கு போட முடியுமா முடியாதாங்கிறதை அந்த வரிதான் முடிவு பண்ணும்.

3) அடிப்படை விதி 1971-ல் ஹக்கம் சிங் எதிர் கேமன் இந்தியா வழக்கில் வந்தது. சட்டப்படி இரண்டு ஊர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருந்தால், அதில் ஒன்றை மட்டும் ஒப்பந்தத்தில் தேர்ந்தெடுக்கலாம். அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு ஒப்பந்தம் மூலம் அதிகாரம் கொடுக்க முடியாது.

4) இதை வச்சுத்தான் நம்ம போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி 1991-ல் ஜெயிச்சார் (பட்டேல் ரோடுவேஸ் வழக்கு). ஒப்பந்தத்தில் இருந்தது பம்பாய். ஆனா சரக்கை ஒப்படைச்ச இடத்திலேயே கம்பெனிக்குக் கிளை இருந்தது. அதனால அந்தப் பகுதி நீதிமன்றம்தான் விசாரிக்கணும், தலைமை அலுவலகம் இருக்குங்கிறதுக்காக பம்பாய்க்கு அதிகாரம் வராதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

5) 1989-ல் சேலம் வியாபாரி ஒருத்தர் வழக்கு (ஏபிசி லேமினார்ட்). குஜராத்தின் கைரா நீதிமன்றம்னு எழுதியிருந்தது. "மட்டும்"னு இல்லை. அதனால சேலத்திலும் விசாரிக்கலாம்னு தீர்ப்பு.

6) ஆனா 2013-ல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் அந்த ஆறுதலும் போச்சு. "மட்டும்" இல்லைன்னாலும், ஒரு ஊரைக் குறிப்பிட்டாலே மற்ற ஊர்களை விலக்கியதாகத்தான் அர்த்தம்னு சொல்லிட்டாங்க. 2025-ல் பாட்னாவில் வேலை பார்த்த தனியார் வங்கி ஊழியரை, ஒப்பந்தப்படி மும்பைக்குத்தான் போகணும்னு அனுப்பிட்டாங்க.

7) இங்கதான் எனக்கு உடன்பாடு இல்லை. ஆபரேஷனுக்கு வெறும் கையெழுத்து போதாது, என்ன செய்யப் போறோம், என்ன ஆபத்துன்னு விளக்கியிருக்கணும்னு 2008-ல் இதே உச்ச நீதிமன்றம் எங்களுக்குச் சொன்னது. வேலை ஒப்பந்தத்துக்கு மட்டும் ஏன் கையெழுத்தே போதும்? நாடு முழுக்க கிளை வச்சிருக்கிற கம்பெனி ஊர் ஊரா அலைய முடியாதுன்னு சொல்றாங்க. சரி, வேலை போன ஆள் மட்டும் எப்படி அலைவார்?

8) ரெண்டு கம்பெனிகள் பேரம் பேசி ஊரைத் தேர்ந்தெடுத்தா நியாயம். அச்சடிச்சு நீட்டுற தாளில் தேர்வு எங்க இருக்கு? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நீங்க வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம்னு வழி வச்சிருக்கு. ஊழியருக்கும் அதே உரிமை வேணும்.

9) அதுவரைக்கும் ரெண்டே விஷயம். கையெழுத்துக்கு முன்னாடி ஊர் பேரைத் தேடுங்க, தூரமா இருந்தா மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. சொந்த உபயோகத்துக்கு வாங்கின பொருளோ சேவையோன்னா, பில்லில் எந்த ஊர் இருந்தாலும் பயப்படாம உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்க.

வீட்ல புதுசா வேலைக்குச் சேரப் போற பிள்ளைங்க இருந்தா இதைப் படிக்கச் சொல்லுங்க.