தூசகற்றும் றோபோவும் தீராத வீட்டுவேலையும்

வீட்டுவேலையிலிருந்து பெண்ணை இயந்திரம் விடுவித்துவிடும் என்ற வாதம் பழையது. தூசகற்றும் றோபோக்களின் வருகை அதற்குப் புத்துயிர் அளித்துள்ளது. 2002இல் றூம்பா அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 2018இல், திரட்டிய தூசைத் தனது மின்னேற்றும் நிலையத்திலே தானே கொட்டும் றூம்பா வெளிவந்தது. துடைக்கும் துணியைத் தாமே கழுவி உலர்த்துவனவும் பின்னர் வந்தன. தம்மைத் தாமே பராமரிக்கும் இயந்திரங்கள் என இவை போற்றப்படுகின்றன.

இக்கூற்று அரை உண்மையே. அன்றாடம் குனிந்து கூட்டும் உழைப்பை இவை குறைக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், தூசுப்பை நிறைந்ததும் அதனை மாற்றுவது யார்? உருளையிற் சுற்றிய தலைமயிரை வெட்டியெடுப்பது, அழுக்குநீரை ஊற்றி நன்னீர் நிரப்புவது, நிலத்திற் கிடக்கும் உடுப்புகளையும் விளையாட்டுப் பொருள்களையும் முன்கூட்டியே பொறுக்குவது யார்?

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் சுவார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில், வீட்டுச் சாதனங்கள் பெருகியபோதும் இல்லத்தரசியின் வேலைநேரம் குறையவில்லை என்று காட்டினார். வேலை இலகுவாக, தூய்மையின் அளவுகோல் உயர்ந்தது. முன்னர் ஆண்களும் பிள்ளைகளும் பணியாளரும் பகிர்ந்த வேலைகள் அவள் ஒருத்தியின் மீதே சுமந்தன.

எனவே, றோபோவை வாங்கிக் கொடுத்ததும் தம் கடமை தீர்ந்ததெனக் கருதும் ஆடவர் தம்மையே ஏமாற்றுகின்றனர். இயந்திரம் உழைப்பைக் குறைக்கலாம். எஞ்சிய உழைப்பைப் பங்கிட்டுத் தராது. அப்பங்கீடு மனிதர் செய்யவேண்டியது. தூசுப்பையை மாற்றும் கை யாருடையது என்ற வினாவை நமது வீடுகளில் இன்றே எழுப்புவோம்.