பள்ளியில் புகைப்படக் கலை: ஏழை மாணவருக்கு எட்டுமா?

ஐதராபாத்: கையில் போன் உள்ள எவரும் இன்று படம் எடுக்கிறார்கள். ஆனால் புகைப்படத்தை ஒரு கலைப் பாடமாக உயர்நிலைப் பள்ளியிலேயே முறையாகப் படிக்கும் வாய்ப்பு வெகு சில மாணவர்களுக்கே கிடைக்கிறது.

இக்கலை இந்நகருக்குப் புதியதல்ல. ஆறாவது நிஜாம் மகபூப் அலிகான் காலத்தில் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ நடத்திப் புகழ்பெற்றவர் ராஜா தீன்தயாள். 1844-ல் பிறந்த அவர், ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறை ஊழியராக இருந்தவர். உத்தியோகத்துக்கு இடையேதான் காமிராவைக் கையில் எடுத்தார். சென்னையிலோ 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப் பள்ளியில், அந்தப் பத்தாண்டுகளுக்குள்ளாகவே புகைப்படம் பாடமாகிவிட்டது. அந்தப் பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி.

இன்றைய நிலை என்ன? ஐதராபாத் மாசாப் டேங்கில் 2008-ல் அமைந்த ஜவாஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலைக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. இன்டர்மீடியட் தேறியவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். ஆனால் அதற்கு முன்பு மாணவனுக்குப் பயிற்சி ஏது? தெலங்கானா பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மொழிகள், கணிதம், விஞ்ஞானம், சமூக அறிவியல் ஆகியவற்றுக்கே நடக்கிறது. தேர்வில் இல்லாத பாடத்துக்குப் பள்ளிகளில் மதிப்பு இருப்பதில்லை.

கேம்பிரிட்ஜ் முறையைப் பின்பற்றும் பன்னாட்டுப் பள்ளிகள் இந்நகரில் உள்ளன. அம்முறையின் ஐ.ஜி.சி.எஸ்.இ. கலைப் பாடத்தில் புகைப்படமும் ஒரு பிரிவு. பாதி மதிப்பெண் மாணவன் படிப்புக் காலத்தில் செய்து சேர்த்த வேலைக்கு. மறுபாதி, தேர்வுக் குழு தரும் தலைப்பில் செய்யும் வேலைக்கு. எதைப் பார்த்தான், எப்படி யோசித்தான், எந்தெந்த வழிகளை முயன்றான் என்பதெல்லாம் மதிப்பிடப்படுகிறது. காமிராவின் விலைக்கு மதிப்பெண் கிடையாது.

இங்குதான் விஷயம் இருக்கிறது. அப்பள்ளிகளின் கட்டணம் குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அவற்றின் பாடமுறைக்குப் பெரும் செலவில்லை. ஒரு போனை நாலு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தங்கள் பேட்டையின் கடைத்தெருவையோ பட்டறையையோ படமெடுத்து, அதைப் பற்றி எழுதவும் செய்யலாம். ஒரே இடத்தைக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் எடுத்துப் பார்த்தாலே வெளிச்சம் பற்றிய முதல் பாடம் முடிந்துவிடும்.

கலைக்கும் மற்றப் பாடங்களுக்கும் இடையே கடினமான பிரிவினை கூடாது என்று 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அது நடைமுறைக்கு வர, கற்றுத்தரத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். பாடத்துக்கு மதிப்பெண்ணும் வேண்டும். ஓவிய ஆசிரியர்களுக்குச் சிறு பயிற்சி தந்தே இதைத் தொடங்கலாம்.

கல்யாண வீடு, பத்திரிகை, விளம்பரம், சினிமா என்று இத்துறையில் பிழைப்புக்கு வழி உண்டு. பிள்ளைகளுக்கு இதில் நாட்டம் இருந்தால், பள்ளியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் தமிழ்க் குடும்பத்தினர் இக்கோரிக்கையை எழுப்புவது நல்லது. கேட்காத வரை எந்தப் பள்ளியும் தானாக இதைத் தொடங்கப் போவதில்லை.