பெயரை யாரிடம் மறைக்கிறோம்?

டீசர் என்றதும் நம் துறையில் பாரிஸைத்தான் உதாரணம் காட்டுவார்கள். 1981 ஆகஸ்ட் கடைசியில் அங்கே ஹோர்டிங்குகளில் நீச்சலுடையில் ஒரு பெண் தோன்றினாள். செப்டம்பர் 2 அன்று மேலாடையைக் களைவேன் என்று ஒரே வரி. யாருடைய விளம்பரம் என்று எங்கும் இல்லை. சொன்ன தேதியில் சொன்னபடி சுவரொட்டி மாறியது. அடுத்த கெடு செப்டம்பர் 4 என்றது. அன்று அவள் முதுகைக் காட்டி நின்றாள், சொன்ன சொல் காப்பாற்றும் சுவரொட்டி நிறுவனம் என்ற அறிமுகத்தோடு ‘அவெனீர்’ என்ற பெயர் வெளிவந்தது. பெண்ணுடலைத் தூண்டிலாக்கியதைப் பெண்ணியவாதிகள் அப்போதே கண்டித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். இன்று அப்படியொரு கிரியேட்டிவ் மேசைக்கு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனாலும் அந்தப் புதிரைக் கட்டிய விதத்தில் கற்க நிறைய இருக்கிறது. குறித்த நாளில் ஊர் முழுக்க ஒட்டி முடிப்பதுதான் அவெனீர் விற்ற சேவையே. புதிரே சரக்காகவும் இருந்தது. சுவரொட்டி ஒட்டும் இடத்தில் சுவரொட்டி, கையில் தேதி, ஒரு வாரத்துக்குள் விடை.

பாஸ்டனை மட்டும் ஏனோ யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

2007 ஜனவரி 31 காலை, அங்கே சல்லிவன் ஸ்குவேர் ரயில் நிலையத்தருகே, நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் இரும்பு உத்தரத்தில் ஏதோ ஒட்டியிருப்பதைப் பயணி ஒருவர் பார்த்துக் காவலரிடம் சொன்னார். கறுப்புப் பலகை. அதில் சின்னச் சின்ன எல்இடி விளக்குகள். கீழே டேப் சுற்றி அடுக்கிய பேட்டரிகள், வெளியே தெரிகிற வயர்கள். இருட்டில் விளக்கு எரிந்தால் நடுவிரலை நீட்டிக் காட்டும் ஒரு கார்ட்டூன் உருவம் தெரியும். பகலில் கண்ணில் படுவது பேட்டரியும் வயரும்தான். கார்ட்டூன் நெட்வொர்க்கில் இரவு நேரத்தில் பெரியவர்களுக்காக வந்த ‘அக்வா டீன் ஹங்கர் ஃபோர்ஸ்’ தொடருக்காக, இன்டர்ஃபியரன்ஸ் என்ற ஏஜென்சி அமெரிக்காவின் பத்து நகரங்களில் மாட்டிய டீசர் அது.

வெடிகுண்டுப் பிரிவு வந்து அதைச் சிதறடித்தது. மதியத்துக்குமேல் வேறு இடங்களிலிருந்தும் தகவல்கள் குவிந்தன. பாலங்களும் சாலைகளும் மூடப்பட்டன, சார்லஸ் ஆற்றில் படகுகள் நிறுத்தப்பட்டன. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் மோதிய இரண்டு விமானங்களும் புறப்பட்ட ஊர் பாஸ்டன். அங்கே ஒரு காவலர் வயரையும் பேட்டரியையும் பார்த்து வேறு என்ன நினைத்திருக்க முடியும்? சேனலின் தாய் நிறுவனமான டர்னர், அவை தன் விளம்பரப் பலகைகள்தான் என்று சொல்லும்போது மாலையாகிவிட்டது.

பலகைகளை மாட்டிய இரண்டு இளைஞர்கள் கைதானார்கள். நிறுவனங்கள் 20 லட்சம் டாலர் கொடுத்து அரசுடன் சமரசம் செய்தன. அதில் பாதி அரசுத் துறைகளுக்கு ஆன செலவு, மீதி நல்லெண்ணத் தொகை. பிப்ரவரி 9 அன்று கார்ட்டூன் நெட்வொர்க் தலைவர் ஜிம் சாம்பிள்ஸ் பதவி விலகினார்.

மற்ற ஒன்பது நகரங்கள் இப்படிப் பதறவில்லையே, பாஸ்டன் போலீஸ்தான் மிகைப்படுத்திவிட்டது என்ற வாதம் அன்றே கிளம்பியது. இன்றும் நம்மில் சிலர் அதைச் சொல்லக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. போலீஸ் பதறியது கூடுதலா குறைவா என்பது வேறு விவாதம். காலையில் முதல் பலகையைப் பார்த்தவுடன் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று ஒரு காவலருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு தொலைபேசி எண் கட்டுப்பாட்டு அறையில் இருந்திருந்தால் விஷயம் காலைச் சிற்றுண்டிக்குள் முடிந்திருக்கும்.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. ஒன்பது மாதம் முன்னால்தான், ‘மிஷன் இம்பாசிபிள் 3’ படத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தின் செய்தித்தாள் பெட்டிகளுக்குள், கதவைத் திறந்தால் படத்தின் இசை ஒலிக்கும் கருவியை வைத்தார்கள். வயர் தெரிந்த ஒரு பெட்டியை அதிகாரிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதைப் படித்த பிறகும் பாலத்தடியில் பேட்டரி வைக்கலாம் என்று ஒரு ஏஜென்சிக்குத் தோன்றியிருக்கிறது என்றால், நம் துறை ஒருவர் தவறிலிருந்து இன்னொருவர் கற்பதில்லை என்றுதான் பொருள்.

வயர் இல்லாத காகிதமும் காயப்படுத்தும். 1999-இல் ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ படத்துக்காக அதன் நடிகர்களைக் காணவில்லை என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். நாயகியின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்து சேர்ந்தன. அந்த உத்தியை இன்னும் மெச்சுகிறவர்கள், பிள்ளையைத் தொலைத்த ஒரு குடும்பம் அதே சுவரில் அதே அளவில் ஒட்டும் நோட்டீஸைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். விளம்பரம்தானே என்று ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த நோட்டீஸை நின்று படிப்பாரா?

பத்திரிகை வாசகருக்குத் தான் பார்ப்பது விளம்பரப் பக்கம் என்று தெரியும். 1913-இல் கேமல் சிகரெட்டுக்காக ஒட்டகங்கள் வருகின்றன என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் டீசர் போட்டபோது எவரும் மிரளவில்லை. தெருவில் அப்படி ஓரக்கோடு கிடையாது. அங்கே நம் புதிரை முதலில் எதிர்கொள்வது நாம் குறிவைத்த வாடிக்கையாளர் ஆகவே இருக்க வேண்டும் என்பதில்லை. விடியற்காலையில் பெருக்க வரும் துப்புரவுப் பணியாளராகவோ ரயில் நிலையக் காவலராகவோ இருக்கலாம். பெயரை மக்களிடம் பத்து நாள் மறைத்து வைப்பது நம் கலை. இவர்களிடம் மறைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நம் நாட்டில் தேர்தல் சுவரொட்டி என்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் அதில் இருந்தாக வேண்டும் என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. டீசருக்கு அந்த அளவுக்குப் போக வேண்டாம். பொருளின் படம், வைக்கும் இடங்களின் பட்டியல், எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு எண், விடை வெளியாகும் தேதி, கழற்றும் தேதி ஆகியவை உள்ள ஒரு கடிதம் மாட்டும் முன்பே காவல் கட்டுப்பாட்டு அறைக்கும் இடத்துக்குரிய அலுவலகத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அதன் நகல் ஒட்டப் போகும் பையனின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். பாஸ்டனில் முதலில் விலங்கு பூண்டது கூலிக்கு மாட்டியவர்களின் கைகள். பிரீஃப் எழுதியவர்களின் கைகள் அல்ல. பேட்டரி, வயர் உள்ள எதையும் ஆள் காவல் இல்லாமல் பொது இடத்தில் விட்டுவருவதை அடியோடு நிறுத்திவிடலாம். அதனால் நம் கற்பனைக்கு ஒரு குறையும் வராது.

அடுத்த இதழிலிருந்து நம் ‘களம்’ பகுதிக்கு டீசர் பணிகளை அனுப்புவோர் அந்தக் கடிதத்தின் நகலையும், பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் எடுத்த படங்களையும், எல்லாவற்றையும் கழற்றி முடித்த தேதியையும் சேர்த்து அனுப்பக் கோருகிறோம். இவை இல்லாத பணி எவ்வளவு பேசப்பட்டிருந்தாலும் வெளியிடமாட்டோம்.